இன்டெக்ஸ் அண்ணனின் மூன்று விநாடி

எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் திரையில் திறக்க மூன்று விநாடி ஆகிறது என்று புகார் சொல்லாத ஆள் கிடையாது. நர்ஸ் சொல்வார், டாக்டர் சொல்வார், அந்தப் பட்டியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கேன்டீன் மேனேஜர்கூட ஒருமுறை சொன்னார். புகார் எல்லாம் அடித்தளத்தில் இருக்கும் எங்கள் அறைக்குத்தான் வரும். நான் பிரிண்டர், கேபிள், கீபோர்டு என்று கட்டடம் முழுக்க மாடி ஏறி இறங்குகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மூணு விநாடியில என்ன குடியா முழுகிப்போச்சு?" என்று கேட்டுவிடுவேன். கேட்ட பிறகு நானே நாக்கைக் கடித்துக்கொள்வேன். அது ஏன் என்று ஒருதரமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் திரையைச் செய்தவர் என் எதிர் மேஜைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை இன்டெக்ஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம். நோயாளி யார், எந்த ரத்த வகை, என்ன மருந்து, எந்தக் கட்டில் என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிந்ததெல்லாம் டேட்டாபேஸில், கட்டம் போட்ட பேரேடு மாதிரி, டேபிள் டேபிளாக இருக்கிறது. அத்தனையும் அவர் கட்டியது. ஒல்லியான மனுஷர். சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொள்வார். டீ வாங்கி வைத்துவிட்டு ஆறவிட்டுத்தான் குடிப்பார், அதையும் பாதிதான்.

பட்டப்பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பதிவு கவுண்டரில் ஒரு பெயரைத் தேடினால், மிஷின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். அது முடிவதற்குள் காய்ச்சலோடு வந்தவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். இவர் வந்து பெயருக்கு ஒரு இன்டெக்ஸ், போன் நம்பருக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டார். அதாவது பெயர்களை வரிசைப்படுத்தி, எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தனியாக ஒரு அடைவு. அடித்த மறுநொடி பெயர் வந்து நின்றது. கவுண்டர் அக்காக்கள் கைதட்டினார்களாம்.

அதோடு விட்டார்களா? மருந்தகம் தனக்கு ஒன்று கேட்டது, வார்டு தனக்கு ஒன்று கேட்டது, ஆய்வகம் இரண்டு கேட்டது. இவரும் முகம் கோணாமல் போட்டுக் கொடுத்தார். போட்டதும் தேடுவது பறந்தது, புதிதாகப் பதிவது படுத்துக்கொண்டது. ஒரு புது நோயாளி வந்தால் அத்தனை இன்டெக்ஸிலும் அவரைச் சேர்க்க வேண்டுமே! வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்தது. கடைசியில் பாதியைப் பிடுங்கிப் போட்டார், எல்லாத் துறையிடமும் திட்டு வாங்கினார்.

"இன்டெக்ஸ்னா வீட்டு மாப்பிள்ளை மாதிரிம்மா," என்று எனக்கு விளக்கினார். "ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தா ஒத்தாசை. பத்துப் பேர் இருந்தா, வீட்டுல ஒரு தும்மல்னாலும் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொல்லிக்கிட்டு நிக்கணும்."

அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "அடிக்கடி தேடுவீங்களா, அடிக்கடி எழுதுவீங்களா?" நான் வீட்டுக்கு ஒரு அலமாரி வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டபோதும், "அடிக்கடி எடுப்பியா, அடிக்கடி வைப்பியா?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஆள், அவருடைய அக்கா. தையல்காரி. அம்மா போனபோது இவர் தவழ்ந்துகொண்டிருந்தாராம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தவர்தான். சீருடை தைத்துத் தைத்தே தம்பியைப் படிக்க வைத்தார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் அசட்டுத்தனமாக ஒருமுறை கேட்டுவிட்டேன். "பெறாமலே ஒன்னை வளர்த்தாச்சு. அதுவே போதும் போதும்னு ஆயிடுச்சு," என்று சிரித்தார். வாய் விஷயத்தில் என் கட்சி.

அவர்கள் வீட்டு அடுக்களையிலும் அண்ணன் கை வைத்திருந்தார். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டி, உள்ளே இருப்பதை அச்சடித்தது போல எழுதியிருந்தார். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நானே டீ போடுகிறேன் என்று சர்க்கரை டப்பாவைத் திறந்து அள்ளிப் போட்டேன். முதல் வாய் குடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனையும் உப்பு.

"அந்த டப்பா கழுவப் போட்டப்ப மாத்திக் கொட்டிட்டேன். எனக்குத் தெரியுமே, எது எதுல இருக்குன்னு," என்றார் அக்கா.

"சீட்டை மாத்தலையே அக்கா!" என்று அண்ணன் உண்மையாகவே கோபப்பட்டார்.

"நீ ஒட்டின சீட்டு, நீதான் மாத்தணும்," என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்கத்தான் தோன்றியது.

பிறகு அக்காவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி எங்கள் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் டயாலிசிஸ். ஊசி குத்தி மிஷினோடு கட்டிப்போட்டால் பாதிப் பகல் அப்படியே போகும். முடிந்து வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். தைக்கும் வேலை நின்றது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைப்பார், கிடைக்காவிட்டால் இதயம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கொடுக்கக்கூடிய உறவு தம்பி ஒருவர்தான். அவருடைய ரத்த வகை சேரவில்லை. அதனால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். எங்கோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் மனம் வைத்தால், இங்கே போன் அடிக்கும். உறுப்பு சில மணி நேரம்தான் தாங்கும். முதலில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள். அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர்.

அந்தப் பட்டியல் திரை அக்கா நோயில் விழுவதற்கு முன்பே அண்ணன் செய்தது. முதலில் அதை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். நோயாளியின் பெயரும் போன் நம்பரும் ஒரே ஒரு டேபிளில், அவருடைய முழு ஃபைலில் மட்டும் இருக்கும். பட்டியலில் நோயாளி எண் மட்டும். திரையைத் திறக்கும்போது பட்டியலையும் ஃபைலையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கோத்துக் காட்டும். கோப்பதற்கு மூன்று விநாடி ஆனது. கூட்டத்தில் பெரிய டாக்டர் பேனாவை மேஜையில் தட்டினார்.

"உயிர் போற அவசரத்துல நான் திரையில சக்கரம் சுத்தறதைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றார்.

பேர் பெற்ற மனுஷர், கேட்ட கேள்வியும் தப்பில்லை. அண்ணன் வந்து யோசித்தார். பெயரையும் ஒரு போன் நம்பரையும் பட்டியல் டேபிளிலேயே ஒரு நகலாக வைத்துவிட்டார். கோக்க வேண்டிய வேலையே இல்லை. கண் சிமிட்டும் முன் திறந்தது. ஆனால் ஃபைலில் ஒருவர் நம்பரை மாற்றினால் நகல் தானாக மாறாது. அதைப் புதுப்பிக்க ஒரு வேலையை ஓடவிட வேண்டும். முதலில் தினமும் காலையில் ஓடியது. அது ஓடும்போது பதிவு கவுண்டர் திணறுகிறது என்று நிர்வாகம் குதித்தது. இரவில் ஓடவிடலாமென்றால் அது பேக்அப் எடுக்கும் நேரம். கடைசியில் வாரத்துக்கு ஒருமுறை, ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள்.

அதோடு ஒரு சுற்றறிக்கையும் போனது. பட்டியலிலிருந்து அவசியமில்லாமல் முழு ஃபைலைத் திறக்க வேண்டாம், சிஸ்டம் மெதுவாகும் என்று. அதை எழுதியவர் அண்ணன். எடுத்துக்கொண்டு போய் நான்காம் மாடியில், காத்திருப்போருக்குப் போன் செய்யும் நர்ஸின் திரைக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியவரும் அவர்தான்.

அவருக்கு அது உறுத்தாமல் இல்லை. "ஒரு விஷயம் ஒரு இடத்துலதாம்மா இருக்கணும். ரெண்டு இடத்துல வெச்சா, என்னைக்காவது ஒன்னு பொய் சொல்லும்," என்று என்னிடமே சொன்னார்.

"அப்புறம் ஏன்ணா வெச்சீங்க?" என்றேன்.

"கேக்கறாங்களே," என்றார்.

அக்காவின் பெயர் பட்டியலில் மேலே ஏறிக்கொண்டே வந்தது. எத்தனையாவது இடம் என்று அண்ணனால் ஒரு நொடியில் பார்த்திருக்க முடியும். பார்க்கமாட்டார். "அந்த வரியை நான் தொடமாட்டேன். தொட்டா நாளைக்கு யாரும் என்னை நம்பமாட்டாங்க," என்பார். டாக்டரே ஒருநாள், உங்கள் ரத்த வகையில் இனி நீங்கள்தான் முதல், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்று அண்ணன் டீயை முழுசாகக் குடித்தார்.

அதற்கப்புறம்தான் அவருக்குப் பயம் பிடித்தது. அவர்கள் தெருவில் அக்காவின் போனுக்கு சிக்னல் ஒழுங்காக வராது. மாடிப்படிக்குப் போனால் வரும், அடுக்களைக்கு வந்தால் போய்விடும். அந்த ஒரு போன் தவறிவிட்டால்? நன்றாக சிக்னல் வரும் வேறு கம்பெனியில் புது நம்பர், புது போன் வாங்கிக் கொடுத்தார். பழைய நம்பரையே அந்தக் கம்பெனிக்கு மாற்றலாம்தான். அதற்குச் சில நாள் பிடிக்குமாம், நடுவில் போன் செத்துக் கிடக்குமாம். அந்தச் சில நாள் தாங்காது என்று புது நம்பராகவே வாங்கினார். பழைய போன் அணைந்து, தையல் மிஷின் டிராயரில் பாபின்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு வந்தபோது இருவரும் பதிவு கவுண்டருக்குப் போனார்கள். அங்கே இருப்பவர்களெல்லாம் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள். அவர் மேஜையிலிருந்தே மாற்றியிருக்கலாம். ஊஹூம்! வரிசையில் நின்றார். எல்லோரையும் போலத் துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தார். கவுண்டர் பெண் தட்டினாள், 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணன் அதைப் படித்தார்.

"மாத்தியாச்சு அக்கா. இனிமே கவலையே இல்லை," என்றார்.

இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. நகல் இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமைதான் மாறும் என்று இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். வேறு யாராவது வந்து நம்பர் மாற்றினேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷமே நகலையும் கையால் மாற்றிவைத்திருப்பார். ஆனால் அன்று வரிசையில் நின்றது வெறும் தம்பி. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, பச்சை எழுத்தைப் பார்த்து நிம்மதியானவர். டேபிள் கட்டினவர் அந்த நேரம் அங்கே இல்லவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சிறுநீரகம் வந்தது.

வழக்கமாகப் போன் செய்யும் நர்ஸ் விடுப்பில் இருந்தார். அவருக்கு அக்காவைத் தெரியும், அண்ணனைத் தெரியும். அவர் இருந்திருந்தால் இன்டர்காமில் எங்கள் அறையைக் கூப்பிட்டிருப்பார். அன்று வேறு வார்டிலிருந்து வந்த நர்ஸ் இருந்தாள். பட்டியலைத் திறந்தாள், கண் சிமிட்டும் முன் வந்தது. முதல் பெயர், பக்கத்தில் நம்பர். கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். முழு ஃபைலைத் திறந்திருந்தால் புது நம்பர் இருந்திருக்கும், அதற்குக் கீழே இரண்டாவது நம்பராக அண்ணனுடையது இருந்திருக்கும். ஆனால் திரைக்குப் பக்கத்தில் அறிக்கை ஒட்டியிருந்ததே, திறக்காதே என்று! அந்தப் பெண் பாவம், சொன்னதைச் செய்தாள். விதிப்படி காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

அந்த நேரம் அண்ணன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் கீபோர்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. நான் கேன்டீன் மேனேஜரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை டயாலிசிஸில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் செய்தி சொன்னாராம். நேற்று ஒரு கிட்னி வந்தது, நம்ம ரத்த வகைதான், ஒரு பஸ் டிரைவருக்கு வைத்துவிட்டார்கள் என்று. அக்கா தம்பியை மேலே வரச்சொல்லிக் கேட்டார்.

"நான்தானேடா முதல்ல? என்னை ஏன் கூப்பிடலை?"

"தெரியலை அக்கா. பொருத்தம் பாத்திருப்பாங்க. கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தார்.

வந்து உட்கார்ந்தார். தொடமாட்டேன் என்று சொன்ன வரியைத் திறந்தார். நான் ஏதோ பிரிண்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், மனுஷர் முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். அக்காவின் பெயர், பழைய நம்பர், அழைத்த நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஸ்விட்ச் ஆஃப்'.

"பழைய நம்பரும்மா," என்றார். "நகல்."

எனக்குப் புரிய அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் தோளில் கை வைத்தேன். கல்லைத் தொட்டது போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்காகிட்ட சொல்லணும். நீயும் வாயேன். தனியாப் போனா சொல்லாம வந்துடுவேன்," என்றார்.

மூன்றாம் மாடிக்குப் போனோம். அக்கா கையில் இரண்டு குழாய்களோடு படுத்திருந்தார். புது போன் வயிற்றின் மேல் இருந்தது. அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இடத்தில் இருக்க வேண்டிய நம்பரை இரண்டு இடத்தில் வைத்தது, ஞாயிற்றுக்கிழமை, தான் எழுதி ஒட்டிய அறிக்கை, ஒன்றையும் விடவில்லை. யார் கேட்டதால் வைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

அக்கா வயிற்றின் மேலிருந்த போனை எடுத்துப் பார்த்தார்.

"நேத்து நான் குளிக்கக்கூடப் போகலைடா," என்றார் பிறகு. "தண்ணிச் சத்தத்துல போன் அடிச்சா கேக்காம போயிடுமோன்னு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த நகல் இல்லாம இருந்தா, அது திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு விநாடி அக்கா."

"மூணு நிமிஷமா?"

"இல்லை. விநாடி."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது சமாதானம் சொல்வார், சரி விடுடா என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளப் பார்த்தார், குழாய் இழுத்துப் பிடித்தது, திரும்பவும் முடியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"போடா. போய் வேலையைப் பாரு," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகல் வேலை ஒழுங்காக ஓடியது. புது நம்பர் பட்டியலில் ஏறியது.

அண்ணன் பெரிய டாக்டரிடமும் போய்ச் சொன்னார். தப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன் என்றார். அவரும் நிர்வாகமும் கூடிப் பேசி, எழுத வேண்டாம் என்றார்கள். வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரி பெயர் கெடுமாம். நோயாளியைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்று பதிவில் இருக்கிறதே, அது உண்மைதானே, அப்படியே இருக்கட்டும் என்றார்களாம். வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தொடர்புகொள்ள இயலவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலாம் மாடி பிரிண்டர்கள் ஒரு வாரம் ரிப்பேராகவே கிடந்தன. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பஸ் டிரைவர் தேறி வீட்டுக்குப் போகும் நாளில் இனிப்புப் பெட்டியோடு ஒவ்வொரு மாடியாக வந்தார். அடித்தளத்தையும் விடவில்லை. "உங்க சிஸ்டத்துலதானாமே என் பேரு இருந்துச்சு. நல்லா இருப்பீங்க," என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் என்ன தப்பு? அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கினார். "உடம்பைப் பாத்துக்கங்க. மருந்தை மறக்காதீங்க," என்றார். அவர் போன பிறகு பாத்ரூமுக்குப் போய் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

அடுத்து அவர் செய்த வேலை, பட்டியலிலிருந்து நகலைத் தூக்கியது. பழையபடி ஒரே இடம். பழையபடி மூன்று விநாடி. சுற்றறிக்கையை நான்தான் மேலே போய்க் கிழித்துக்கொண்டு வந்தேன். புகார்கள் வந்து குவிந்தன. வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார்கள். நகலை வைத்துக்கொண்டே, ஃபைலில் மாற்றும் அதே நொடியில் அதையும் மாற்றும்படி செய்யலாமே என்றார் அவர்.

"செய்யலாம் சார். அது ஒருநாள் சத்தமில்லாம நின்னுபோனா?" என்றார் அண்ணன்.

"கவனிச்சுக்கிட்டே இருந்தா நிக்காதுங்க."

"நானும் கவனிச்சுக்கிட்டுதான் சார் இருந்தேன்."

ஆலோசகர் சொன்னது சரியாகவே இருக்கலாம், எனக்கு அந்த அளவுக்குப் படிப்பில்லை. பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கத்தினார். நான் இருக்கும்வரை மாற்றமாட்டேன், வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்தார். அத்தனை டேபிளையும் தெரிந்த வேறு ஆள் ஏது? விட்டுவிட்டார்கள்.

அக்காவும் தம்பியும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா சமைத்துப் போட்டார், இவர் சாப்பிட்டார், அவரைக் கூட்டிக்கொண்டு டயாலிசிஸுக்கு வந்தார். ஆனால் சிரிப்பு இல்லை. ஒருநாள் நான் பார்க்கப் போனபோது அடுக்களையில் டப்பாக்கள் எல்லாம் மொட்டையாக இருந்தன. சீட்டுகளை அக்கா நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார், பசை மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"இனிமே திறந்து பாத்தே போட்டுக்கறேன்," என்றார்.

"அண்ணனை மன்னிச்சிடுங்க அக்கா. உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்காரு," என்று அழுதேவிட்டேன்.

"மன்னிக்காம என்ன பண்ணப்போறேன்? நான் வளர்த்த பிள்ளை. ஆனா வலிக்குதே, அதை என்ன பண்ணச் சொல்றே?" என்றார்.

டீ போட்டேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சர்க்கரையைக் கண்டுபிடித்தேன்.

அந்த ரத்த வகையில் அடுத்த சிறுநீரகம் வந்தபோது போன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. ஓடி வந்தார்கள். ஆனால் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது, காய்ச்சலும் இருந்தது. இந்த நிலையில் அறுவை சிகிச்சை தாங்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அது வேறு ஒருவருக்குப் போனது. அடுத்த மழைக்காலம் முடியும் முன்பு அக்கா போய்விட்டார். டயாலிசிஸ் கட்டிலிலேயே, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. தம்பி பக்கத்தில் இருந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் தேய்த்துவிடு என்றாராம். தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

காரியம் எல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்த அன்று பதிவு கவுண்டர் பெண் ஒரு தாளோடு கீழே இறங்கி வந்தாள். அக்காவின் ஃபைலை இன்னும் யாரும் முடித்துவைக்கவில்லை. அதனால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் அப்படியே முதலில் நிற்கிறது.

"நாங்களே பண்ணியிருப்போம் அண்ணா. எங்களுக்குக் கை வரலை," என்றாள்.

"குடும்மா, நான் பண்றேன்," என்றார்.

இந்த முறை அவர் வரிசையில் நிற்கவில்லை. தன் மேஜையிலிருந்தே அக்காவின் ஃபைலைத் திறந்தார். பெயர், புது போன் நம்பர், அதற்குக் கீழே தன்னுடைய நம்பர். எல்லாவற்றையும் ஒருமுறை படித்தார். நிலை என்ற கட்டத்தில் 'இறந்தவர்' என்று மாற்றினார். பச்சை எழுத்து வந்தது. அதை நம்பி எழுந்துவிடவில்லை. காத்திருப்போர் பட்டியலைத் திறந்தார். சக்கரம் சுற்றியது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. இரண்டாவதாக இருந்தவர் முதலில் இருந்தார்.

"உடனே மாறிடுச்சு, பாத்தியா?" என்றார் அண்ணன்.

மேஜையில் இன்டர்காம் அடித்தது. அவரை எடுக்கவிடாமல் நானே எடுத்தேன். நாலாம் மாடியிலிருந்து யாரோ புது டாக்டர், பட்டியல் ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று எரிந்து விழுந்தார். வழக்கமாக நான் கேட்கும் 'என்ன குடியா முழுகிப்போச்சு?' வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க டாக்டர்," என்றேன். "மூணு விநாடி ஆகும்."